ஆடு என்ன சொல்லிக் கத்தியது

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றால் அந்தத் தெருவில் வெள்ளி மனிதர்கள் இறங்குவார்கள். ஆமத்தூருக்குத் தெற்கே, சிவகாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். அலுமினியப் பவுடர் ஒட்டிய முகமும் கையுமாக ஆணும் பெண்ணும் இறங்கி, வெயில் சாயும் வெளிச்சத்தில் மினுமினுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்கு நடப்பார்கள். சீயக்காய் போட்டாலும் போகாது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் போகாது. நகக்கண்ணில் தங்கிவிடும். சோறு பிசைந்தால் சோற்றிலும் ஒன்றிரண்டு பொட்டு மினுங்கும். கரிசல் காட்டில் களையெடுத்துக் கதிரறுத்துப் பிழைத்த குடும்பங்கள், மழை ஏமாற்றி ஏமாற்றி, பட்டாசு செய்கிற வெடி ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போக ஆரம்பித்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. ஊருக்குள் செல்போன் கோபுரம் நட்ட வருசம் அது.

வெள்ளைத்துரைக்கு வெடி ஆபீசில் மருந்து சுமக்கிற வேலை. கலவை அறையில் சேர்த்த மருந்தைத் தட்டில் ஏந்திக்கொண்டுபோய், குழாய்க்குள் அடைக்கிற அறைகளுக்குக் கொடுக்க வேண்டும். வெறுங்காலோடு, பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மாதிரி நடப்பார். அந்த நடை பழகிப்போய், சந்தைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதே நிதானம்தான். மனைவி குருவம்மாள் தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்கினாள். ஒரே மகள் இசைவாணி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு.

ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த ஒரு முற்பகலில், அடைப்பு அறை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே மூன்று பெண்கள் இருந்தார்கள். பொன்னுத்தங்கம் மூத்தவள், வருசக்கணக்காக அந்த வேலை பார்த்தவள். மற்ற இருவரும் பாண்டிச்செல்வியும் அவள் தங்கையும், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவர்கள். சீசன் நெருக்கடியில் ஒரு வாசலை அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. இன்னொரு வாசலுக்குத் தட்டோடு வந்துகொண்டிருந்த வெள்ளைத்துரை தட்டை மணலில் இறக்கி வைத்துவிட்டு, புகைக்குள் கைவிட்டு அக்காவையும் தங்கையையும் இழுத்தெடுத்து, இரண்டு தோளிலுமாகப் போட்டுக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு அறை மொத்தமாகச் சிதறியது. பொன்னுத்தங்கம் வெளியே வரவில்லை.

பொன்னுத்தங்கமும் அதே தெருதான். வெள்ளைத்துரையை அண்ணன் என்று கூப்பிடுவாள். கூடப்பிறந்த உறவு இல்லை, வேனில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போய்வந்த உறவு. அவள் புருசன் முத்துராமலிங்கம் சிவகாசியில் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவர். மகள் செல்லக்கனியும் இசைவாணியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு.

ஊர் வெள்ளைத்துரையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. டீக்கடையில் அவர் பேச்சாகவே இருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த பாண்டிச்செல்விக்குத் துணையிருந்த அவள் தாயார் ஆளனுப்பி, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வரச்சொன்னாள். ஊர்த்தலைவர் கோட்டைச்சாமி வீட்டுக்கே வந்து, சுதந்திர தினத்தன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பொன்னாடை போர்த்தப்போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளைத்துரை எதற்கும் வாய் திறக்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. வீட்டுக்கு முன்னால் நின்ற புங்கமரத்தடியில் நார்க்கட்டிலைப் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். ஆடிக்காற்று புழுதியை வாரிக் கட்டிலோடு மூடும். எழுந்து உள்ளே போகமாட்டார். குருவம்மாள் கேப்பைக்கூழைக் கரைத்து, வெங்காயத்தை நறுக்கிப்போட்டு, தானே ஊட்டிவிட்டாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கையில் வலி, அதனால்தான் இப்படி இருக்கிறார் என்று அவள் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி வந்துபோன அன்றைக்குத்தான் அவர் வாய் திறந்தார். ஆவணி பிறப்பதற்குள் திருப்பூருக்குப் போய்விடுவோம், பனியன் கம்பெனியில் ஏதாவது வேலை கிடைக்கும், பிள்ளைக்கு டி.சி. வாங்கு என்றார். குருவம்மாள் எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை.

*

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தவர் ஞானபூரணி டீச்சர். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். குடைக்குள் காற்றுப் புகுந்து மடங்கிக்கொள்ள, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டிலிருந்து அவர் நடந்து வருவதை ஊர் தினமும் பார்க்கும்.

அவர் கதை நடத்துகிற விதம் ஒன்று உண்டு. துணைப்பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு கதைக்கும் கீழே ‘கதை தரும் கருத்து’ என்று ஒரு வரி அச்சடித்திருக்கும். பிள்ளைகள் கதையைப் படிக்காமல் நேராக அந்த வரிக்குப் போய் மனப்பாடம் செய்துவிடுவார்கள். டீச்சரும் சின்ன வயதில் அப்படித்தான் மார்க் வாங்கியவர். வேலைக்கு வந்த பிறகு அவருக்கு அது பிடிக்காமல் போயிற்று. ஊரில் தீப்பெட்டி லேபிளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கழிவு லேபிள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். மயிலும் மானும் போட்ட லேபிள்களைக் கொண்டுவரச் சொல்லி, சோற்றுப் பருக்கையால் அந்த வரிமேல் ஒட்டச் சொன்னார். கதையைப் படித்து நீங்களே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு அப்புறம் உரித்துப் பாருங்கள் என்றார்.

கண்டுபிடிப்பதற்கு அவர் வழியும் சொல்லிக்கொடுத்தார். கதையில் நடந்தது வேறு, கதை சொல்லவருவது வேறு. நடந்ததைச் சொன்னால் அது விடையில்லை. கதையில் யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் படிக்கிற நமக்குச் சுருக்கென்று தைக்கிறதோ அங்கே நிறுத்தி, ஏன் தைக்கிறது என்று கேட்க வேண்டும். என்ன விடை சொன்னாலும் அதற்குக் கதைக்குள்ளிருந்தே சாட்சி காட்ட வேண்டும். சாட்சியில்லாத விடையை டீச்சர் ஏற்கமாட்டார். கருப்பட்டியைத் திருடிய அணிலின் கதையில், திருடக்கூடாது என்று எல்லாரும் கத்தியபோது, அணில் கடைசியில் அழுதது கருப்பட்டிக்காக இல்லை, கூட்டாளி பேசாமல் போனதற்காக என்று ஒரு பிள்ளை வரியைத் தொட்டுக் காட்டியிருக்கிறது. அந்த மாதிரி நாளில் விருதுநகர் போய்ச் சேரும்வரைக்கும் டீச்சர் ஜன்னலோரம் தனியாகச் சிரித்துக்கொண்டு போவார்.

ஆடியில் அடுத்துவந்த கதையைப் பார்த்ததும் அவர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். ஓடை வெள்ளத்தில் சிக்கிய தாய் ஆட்டின் கதை அது. தாயைப் பறிகொடுத்துக் காரியம் முடிந்து, எண்ணெய் காணாத தலையோடு செல்லக்கனி வகுப்புக்குத் திரும்பி வந்திருந்த சமயம். அதை எப்படி நடத்துவது? அதற்கடுத்த பாடத்தை எடுத்தார். பிள்ளைகள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இசைவாணி மட்டும் பெஞ்சு மாறி, சுவரோரம் தனியே உட்கார ஆரம்பித்திருந்தாள். செல்லக்கனியின் முகத்தை அவள் ஏறிட்டே பார்ப்பதில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தட்டைக் கழுவிவிட்டு வந்த இசைவாணி டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள். தினமும் அப்பாவுக்குத் துணைப்பாடம் வாசித்துக்காட்டுவதாகச் சொன்னாள். அவரால் புத்தகத்தைப் பிடிக்க முடியாது, பேசவும் மாட்டார், சும்மா கேட்டுக்கொண்டு படுத்திருப்பார், அதனால் வாசிப்பதாகச் சொன்னாள். நேற்று டீச்சர் விட்டுவிட்ட கதையை வாசித்தாளாம். முடித்ததும் அப்பா கண் விழித்து ஒரு கேள்வி கேட்டாராம்.

“அந்த ஆடு கத்துச்சே, அது என்ன சொல்லிக் கத்துச்சுன்னு எங்கப்பா கேக்காக டீச்சர். பொஸ்தகத்துல அது போடல.”

நீ என்ன சொன்னாய் என்று டீச்சர் கேட்டார். கீழே போட்டிருந்த கருத்தை வாசித்துக் காட்டினேன் என்றாள் இசைவாணி. லேபிள் ஒட்டாத பக்கம். ‘கவனக்குறைவு இழப்பைத் தரும்’ என்று அச்சடித்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அப்புறம் திருப்பூர் போவதையும், டி.சி. வாங்க வேண்டியதையும் அவள் சொன்னாள். சொல்லும்போதே உதடு கோணிற்று.

*

அன்று சாயங்காலம் டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போனார். குருவம்மாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். காற்றில் புங்க இலை உதிர்ந்து டம்ளருக்குள் விழுந்தது. டி.சி. பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்த குருவம்மாள், டீச்சரே இவருக்குப் புத்தி சொல்லட்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் புத்தி சொல்லவில்லை. உங்கள் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். வெள்ளைத்துரை மெல்லத் திரும்பிப் படுத்தார். கட்டுப்போட்ட கைகளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்தபடி பேசினார்.

“கையில ரெண்டு புள்ளையும் இருக்கு டீச்சரம்மா. வாசப்படிலதான் நிக்கேன். உள்ள இருந்து அண்ணேன்னு ஒரு குரல். பொன்னுத்தங்கந்தான். ஒரே ஒருக்காதான். நான் போகல. புள்ளைகளத் தூக்கிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடிட்டேன். இறக்கிப் போட்டுட்டுத் திரும்புதேன், சத்தத்தக் காணோம். திரும்பவும் கூப்புடுவா, கூப்புட்டா போவோம்னு நிக்கேன். கூப்புடல. பெறவுதான் ரூமு போச்சு.”

“நீங்க போயிருந்தா நீங்களும் இல்ல.”

“அதத்தான் எல்லாரும் சொல்லுதாக. போகாம நின்னேம்லா, அத நான்தானே சுமக்கணும்? அவ வாங்கண்ணேன்னு கூப்புட்டுருக்கா. நான் நின்னுட்டேன். இதுல எனக்குப் பொன்னாட போத்துதாகளாம். அவ மக அங்கன உக்காந்து கைதட்டணுமாம்.”

இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை என்றார். முத்துராமலிங்கம் பார்க்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் சொன்னார். அந்தப் பிள்ளை தெருவில் போனால் கண்ணை மூடிக்கொள்வாராம். டீச்சர் எழுந்தார். ஜெபம் பண்ணுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். கடைசி பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கதையை எடுத்து வாசித்தார். எத்தனையோ வருசமாக நடத்திய கதை. ஆடு எதற்குக் கத்தியது என்று ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

மறுநாள் பிரேயர் முடிந்ததும் செல்லக்கனியைத் தனியே கூப்பிட்டார். விட்டுப்போன கதையை நடத்தலாம் என்று நினைக்கிறேன், உனக்குக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம், அந்தப் பாட நேரத்தில் நீ தலைமையாசிரியர் ரூமில் இருந்துகொள்ளலாம் என்றார். செல்லக்கனி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“நான் அதப் படிச்சுட்டேன் டீச்சர். எல்லாரும் படிச்சுட்டாக. நீங்க விட்டதுனாலதான் படிச்சோம்.”

*

லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டு டீச்சர் கதையை நிதானமாக வாசித்தார். கதை சின்னதுதான். ஒரு ஆட்டுக்காரர் வறண்ட ஓடைக்குள் ஆடுகளை மேய விட்டிருக்கிறார். மேற்கே பெய்த மழையில் திடீரென்று வெள்ளம் வருகிறது. மற்ற ஆடுகள் கரையேறிவிட, ஒரு தாய் ஆடும் இரண்டு குட்டிகளும் நடு ஓடையில் ஒரு மணல்மேட்டில் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போகிறார். தாய் ஆடு குட்டிகளை முட்டி அவர் பக்கம் தள்ளுகிறது. அவர் இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறார். ஆடு விடாமல் கத்துகிறது. அவர் குட்டிகளோடு கரையேறுகிறார். ஆட்டின் சத்தம் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் அது மேட்டில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மறுபடி இறங்க முடியாதபடி வெள்ளம் ஏறிவிடுகிறது. மேடு முழுகுகிறது. ஆட்டுக்காரர் அன்று முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

வாசித்து முடித்தபோது ஓட்டுக்கூரையில் காற்று மண்ணை அள்ளி இறைத்தது. டீச்சர் வழக்கம்போல, இந்தக் கதை நமக்கு என்ன சொல்லுகிறது என்று கேட்டார். ஓடைக்குள் ஆடு மேய்க்கக்கூடாது என்றது ஒரு பிள்ளை. மேற்கே மேகம் கறுத்தால் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடவேண்டும் என்றது இன்னொன்று. நீச்சல் படித்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. டீச்சர் யாரையும் தப்பு என்று சொல்லவில்லை. இதெல்லாம் ஆட்டுக்காரருக்கு நாம் சொல்லுகிற யோசனை, கதை நமக்குச் சொல்லுவது எது, எந்த இடத்தில் தைத்தது, அங்கே போய்த் தேடுங்கள் என்றார்.

ஆட்டுக்காரர் கரையில் உட்கார்ந்திருக்கிற இடம்தான் என்று பல பேர் சொன்னார்கள். அவருக்கு என்ன வேண்டியிருந்தது? மூன்றையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. முடியவில்லை. அதனால், எல்லாரையும் எல்லா நேரமும் காப்பாற்ற முடியாது என்று கதை சொல்லுகிறது என்றாள் ஒரு பெண். நல்ல விடை. சாட்சியும் இருந்தது. டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதத் திரும்பினார். எழுதி முடிக்க மனசு வரவில்லை. சுவரோரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இசைவாணியைப் பார்த்தார்.

அப்போது செல்லக்கனி எழுந்து நின்றாள்.

“டீச்சர், எல்லாரும் ஆட்டுக்காரருக்கு என்ன வேணும்னுதான் பாக்காக. ஆட்டுக்கு என்ன வேணும்னு பாக்கல.”

சொல்லு என்றார் டீச்சர். செல்லக்கனி புத்தகத்தை விரித்து விரலை வைத்துக்கொண்டாள். அவசரப்படாமல், வரி வரியாகப் போனாள்.

“ஆடு குட்டிகள முட்டித் தள்ளுச்சுன்னு போட்ருக்கு. அது தானா வந்து அவுக மேல ஏறப் பாத்துச்சுன்னு போடல. பெறவு விடாமக் கத்துச்சுன்னு போட்ருக்கு. அவுக கரை ஏறுன ஒடனே சத்தம் நின்னுச்சுன்னு போட்ருக்கு. அப்ப மேடு முளுகல டீச்சர். ஆடு மேட்டுலதான் நிக்கு, பாத்துக்கிட்டு நிக்கு. என்னையக் கூட்டிட்டுப் போங்கன்னு அது கத்தியிருந்தா, அவுக கரைக்குப் போன பெறவு இன்னும் பெலமாத்தானே கத்தும்? ஏன் நிறுத்துச்சு?”

இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை யாரிடமும் கேட்கவில்லை. தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள்.

“அது வாங்கன்னு கத்தல. போங்கன்னு கத்துச்சு. புள்ளைகளக் கொண்டுட்டுச் சீக்கிரம் போங்கன்னு. அவுக போய்ச் சேந்துட்டாக. அதான் நிறுத்திக்கிருச்சு.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் அழுகை இல்லை. கணக்கில் விடை வந்த பிள்ளையின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஞானபூரணி டீச்சர் சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வரிகளெல்லாம் அதே வரிகள்தான். அவர் நூறு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியவை. அவற்றுக்குள் ஒரு வாசல் இருந்திருக்கிறது. இந்தப் பிள்ளை அதைத் தட்டாமலே திறந்து உள்ளே போய், அங்கிருந்தபடி எல்லாரையும் கூப்பிடுகிறாள். சின்ன வயதில் சர்ச்சில் முதன்முதலாக ஆர்கன் வாசிக்கக் கேட்டபோது மூச்சு முட்டிய மாதிரி அவருக்கு மூச்சு முட்டியது. எழுதியதை அழித்தார். வேறெதுவும் எழுதவில்லை. லேபிளை உரிக்கலாமா என்று யாரும் கேட்கவுமில்லை.

மணி அடித்ததும் இசைவாணி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். அத்தனை நாள் பேசாதவள், செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கப்பாகிட்ட வந்து இதைச் சொல்கிறாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றாள் செல்லக்கனி.

டீச்சருக்குத்தான் பயம் வந்துவிட்டது. வெள்ளைத்துரை அவரிடம் சொன்னது என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கதையைச் சொல்லப்போய், அந்த மனிதர் உடைந்து, பிள்ளைக்கு முன்னால் எதையாவது சொல்லிவிட்டால்? முத்துராமலிங்கத்தைக் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டுக்கு நடந்தார். லோடு ஏற்றிவிட்டு வந்து, தோள்பட்டையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார் முத்துராமலிங்கம். வகுப்பில் நடந்ததையெல்லாம் டீச்சர் சொல்லச் சொல்ல, எண்ணெய்க் கையோடு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை சொன்னதை டீச்சர் சொல்லவில்லை. சொல்லவேண்டியும் இருக்கவில்லை.

“அவரு மனசுல என்னமோ கெடக்குன்னு எனக்குத் தெரியும் டீச்சர். நான் போனேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. என் மேல கோவமோன்னுகூட நெனச்சேன். புள்ள போகட்டும். அந்த வீட்டுச் சோறு தின்னு வளந்த புள்ளதான். நீங்களும் கூடப் போங்க.”

*

அவர்கள் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. செல்லக்கனி வருவதைப் பார்த்ததும் வெள்ளைத்துரை கண்ணை மூடிக்கொண்டார். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, மாமா, கதை வாசிக்க வந்திருக்கிறேன் என்றாள். குருவம்மாள் முறத்தோடு வாசலில் நின்றுவிட்டாள். செல்லக்கனி முழுக் கதையையும் வாசித்தாள். வகுப்பில் சொன்னதையே, அதே வரிகளில் விரலை வைத்து, மறுபடியும் சொன்னாள். வாங்கன்னு கத்தல, போங்கன்னு கத்துச்சு மாமா என்று முடித்தாள்.

வெள்ளைத்துரை கண் திறந்தார். கையை ஊன்ற முடியாமல் புரண்டு எழுந்து உட்கார்ந்தார். டீச்சர் பயந்தது நடந்தது.

“தாயி, ஒங்கம்மா என்னைய அண்ணேன்னு கூப்புட்டா. நான் போகல.”

குருவம்மாளின் கையிலிருந்த முறம் சாய்ந்து அரிசி கொட்டியது. டீச்சர் பிள்ளையின் தோளைப் பிடிக்கப் போனார். செல்லக்கனி அழவில்லை, எழுந்து ஓடவுமில்லை. வகுப்பில் புத்தகத்தைப் பார்த்த மாதிரியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று ஒரு தரம் வீசி அடங்கியது. அப்புறம் கேட்டாள்.

“எப்படிக் கூப்புட்டா மாமா?”

“அண்ணேன்னு.”

“அப்படி இல்ல. எங்கம்மா எப்படிக் கூப்புட்டாளோ அப்படிக் கூப்புட்டுக் காட்டுங்க.”

வெள்ளைத்துரை டீச்சரைப் பார்த்தார், குருவம்மாளைப் பார்த்தார். ராத்திரியும் பகலும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த குரலை வெளியே எடுக்கப் பயந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கூப்பிட்டார். சின்னதாக, உறைப்பாக, கடைசி எழுத்தை நீட்டாமல் வெட்டி நிறுத்திய ஒரு ‘அண்ணே’. ஆம்பிளைத் தொண்டையிலிருந்துதான் வந்தது. என்றாலும் குருவம்மாள் திடுக்கிட்டுத் தெருவைப் பார்த்தாள்.

செல்லக்கனி தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“பயந்தா எங்கம்மா இப்படிக் கூப்புடமாட்டா மாமா. இளுத்துக் கூப்புடுவா. வெறகுக்குள்ள பாம்பு கெடந்த அன்னைக்கு அப்பாவத் தெருவுக்கே கேக்க இளுத்துக் கூப்புட்டா. இது அது இல்ல. கஞ்சிய வச்சுக்கிட்டு நான் பராக்குப் பாத்தாத்தான் ‘ஏ புள்ள’ன்னு இப்படி வெட்டுவா. நேரமாச்சு, நிக்காத, கெளம்புன்னு அர்த்தம்.”

வெள்ளைத்துரையின் முகம் அப்போது மாறியதை டீச்சர் பார்த்தார். இத்தனை நாள் ஒரே பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தை அவர் மறுபக்கமிருந்து கேட்கிறார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது.

“அந்தப் புள்ளைக ரெண்டும் நடந்து வரல,” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. “விளுந்தாப்புல வந்து என் கையில விளுந்துச்சுக. பின்னால இருந்து யாரோ பிடிச்சுத் தள்ளுனாப்புல.”

சொல்லி முடிக்க முடியவில்லை. கட்டுப்போட்ட இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினார். குருவம்மாள் வந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். இசைவாணி கீழே உட்கார்ந்து கொட்டிய அரிசியை அள்ளிக்கொண்டிருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தக் குடும்பம் திருப்பூர் போகவில்லை. சுதந்திர தினத்தன்று வெள்ளைத்துரை பள்ளிக்கூடத்துக்குப் போனதும், பொன்னாடையைத் தோளில் வாங்காமல், பிள்ளைகளைத் தள்ளிவிட்டவள் பொன்னுத்தங்கம், நான் தூக்கிக்கொண்டு ஓடியவன் மட்டும்தான் என்று மைக்கில் சொன்னதும், கோட்டைச்சாமி உட்பட அத்தனை பேரும் எழுந்து நின்றதும் ஊருக்கே தெரியும். கை ஆறியபின் அவர் வெடி ஆபீசுக்குத் திரும்பாமல் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் சேர்ந்ததும் தெரியும். அந்தச் சாயங்காலம் புங்கமரத்தடியில் அதற்கப்புறம் நடந்தது மட்டும் அங்கே இருந்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது.

அவர் அழுது ஓய்கிறவரைக்கும் செல்லக்கனி காத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் வேன் வந்து நின்றது. வெள்ளி பூசிய முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கித் தெருவுக்குள் வர ஆரம்பித்தன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் இன்னும் கொஞ்சம் அவருக்குக் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

“மாமா.”

“சொல்லு தாயி.”

“இன்னொருக்கா எங்கம்மா மாதிரிக் கூப்புடுங்க.”

வெள்ளைத்துரை முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, எதையும் சிந்திவிடாமல் ஏந்திக்கொண்டு வருகிறவரைப்போல அந்தக் குரலை மெதுவாக எடுத்தார்.

செல்லக்கனி கண்ணை மூடிக் கேட்டாள்.